தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக் கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். காரணம் தெரியாமல் விண்டோஸை அழித்தால் அதில் பதிந்திருக்கும் தடயங்களும் சேர்ந்து போய்விடும். ரீஸ்டார்ட் செய்வது விண்டோஸா, அல்லது விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் அறுபடுகிறதா? முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், ‘ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி’க்குள் இருக்கும் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் கோளாறு என்றால் அடுத்த முறை நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழைத்திரை) வந்து அப்படியே நிற்கும். அதிலுள்ள பிழைப்பெயரை எழுதிவையுங்கள்.

நீலத்திரையே வராவிட்டால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘சிஸ்டம்’ பதிவுகளைப் பாருங்கள். ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒன்று இருக்கும். இதைப் பார்த்ததும் புது எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்க ஓடுகிறவர்கள் ஏராளம். ஒழுங்காக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் எழுந்தது என்பதைத் தவிர 41 வேறெதையும் சொல்வதில்லை. விவரத்தில் ‘பக்செக்கோட்’ (விண்டோஸ் குறித்த பிழை எண்) 0 என்று இருந்தால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். வேறு எண் இருந்தால் டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் நிரல்) ரேமையும் (தற்காலிக நினைவகம்) சந்தேகியுங்கள்.

கேள்வி: விளையாட்டு தொடங்கிய சிறிது நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது. மற்ற வேலைகளில் சிக்கல் இல்லை. சூடுதானே காரணம்?

பதில்: எல்லோரும் முதலில் சூட்டைத்தான் சொல்கிறார்கள். புராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி பெரும்பாலும் அணைந்தே போகும், உடனே எழாது. விளையாட்டின் நடுவே சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் என் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதுதான். கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரத்தை, கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவுப் பெட்டிகள் தாங்குவதில்லை. மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேள்வி: என் கணினியும் ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபார்மட் செய்யலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தினமும் பின்னிரவில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. வைரஸா?

பதில்: ஈவென்ட் வியூவரின் ‘சிஸ்டம்’ பதிவில் 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த நிரல் ரீஸ்டார்ட் கேட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். விண்டோஸ் அப்டேட் என்றால் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ (நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரம்; அப்போது அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாது) நேரத்தை மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போகும்போது விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: அந்தச் சிமிட்டலில்தான் விடை இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் சுமார் 16 மில்லிசெகண்டு எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளுக்கான பொதுத் தரம்) வழிகாட்டு அளவு. இன்வெர்ட்டர் அதற்குள் மாறிக்கொண்டால் கணினிக்கு எதுவும் தெரியாது. பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் உண்டு, பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். ஆனால் மின்னழுத்தம் சற்று இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும். குறைந்த மின்னழுத்தப் பகுதியில் பேட்டரி சீக்கிரம் தேயும் என்பதால் சிலர் அதைத் தொடுவதில்லை. கணினிக்கு மட்டும் தனி யுபிஎஸ் (கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறும் பெட்டி) வைப்பதே என் பரிந்துரை.

கேள்வி: தவறான அறிவுரை. எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இன்வெர்ட்டரில்தான் கணினி ஓடுகிறது. தனி யுபிஎஸ் வீண் செலவு.

பதில்: உங்களுடையது சைன் வேவ் (கரண்ட்டைப் போலவே வளைந்த அலை தரும்) இன்வெர்ட்டராகவும், எஸ்எம்பிஎஸ் தரமானதாகவும், சுமை குறைவாகவும் இருக்கலாம். அப்படியானால் ஓடும், மறுக்கவில்லை. ஸ்கொயர் வேவ் (சதுர அலை தரும்) இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கும் இதே ஆறுதலைச் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: அப்படியானால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் வைத்தால் போதுமே?

பதில்: அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த அலை வடிவத்தைச் சில யுபிஎஸ்கள் மின்சாரமாகவே ஏற்பதில்லை. வீடெங்கும் விளக்கெரியும், யுபிஎஸ் மட்டும் தன் பேட்டரியில் ஓடித் தீர்ந்து கணினியை அணைத்துவிடும். வாங்கும் முன் கடையில் கேளுங்கள்.

கேள்வி: யுபிஎஸ் ஆதரவாளருக்கு ஒரு கேள்வி. கரண்ட் போகவில்லை, மோட்டார் போட்டால்தான் ரீஸ்டார்ட் ஆகிறது. இதற்கும் யுபிஎஸ்தானா?

பதில்: மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும், வீட்டு மின்னழுத்தம் குழிந்துவிடும். யுபிஎஸ் அதை மறைக்கும். ஆனால் விளக்கும் நன்றாக மங்கினால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கலாம். தளர்ந்த நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) தீ விபத்துவரை கொண்டுபோகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எர்த்தையும் சேர்த்து.

கேள்வி: ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: தொடர்புமுனையில் அழுக்கிருந்தால் சரியாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடாதீர்கள், ரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை. என்ன செய்வது?

பதில்: எப்போது ஆகிறது? பதிவில் என்ன எண்? இரண்டும் இல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் உள்ளே தூசி. திறந்து பிரஷால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன 300 வோல்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காற்றுத்துளை வழியாக வெளியிலிருந்தே ஊதுங்கள்.

கேள்வி: மடிக்கணினியும் இப்படியே செய்கிறது.

பதில்: அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால் கரண்டைக் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் மையத்தில் காட்டுங்கள்.

கேள்வி: புது 600 விஏ யுபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனதும் அதுவும் சேர்ந்து அணைகிறது.

பதில்: விஏ என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல; 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். அதில் லேசர் பிரிண்டரை மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். கணினியும் திரையும் மட்டும் இருந்தும் அணைந்தால் பேட்டரியை உத்தரவாதத்தில் மாற்றித்தரச் சொல்லுங்கள்.