செல்லுஞ் செலவு

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக வேலை செய்கிறேன். சென்ற வருடம் ஞானஸ்நானம் பெற்றேன். கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது போக, ஆளுக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழிக்கும்படி மேலிடத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் வேலையோடு குவாட்டர்ஸும் போய்விடும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சபையில் கேட்டால், "விசுவாசியுங்கள், பயம் போய்விடும்" என்கிறார்கள். ஜெபித்தும் போகவில்லை. என் விசுவாசம்தான் குறைவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். காத் ஊரில் பெலிஸ்தரிடம் அகப்பட்ட தாவீதின் பாட்டு அது. பயம் தீரட்டும், பிறகு நம்பலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பயம் போனால்தான் விசுவாசம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் குவாட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். (கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து "செல்லுஞ் செலவை" கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்கிறார். கணக்கு உங்கள் தொழில். ஆனால் நீங்கள் அனுப்பிய கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. மறுத்தால் நீங்கள் கொடுக்கவேண்டியதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மறுக்காத ஒவ்வொரு நாளும் அதை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா கொழுந்தெடுத்தவர். ஒரு மழைநாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்து, ஈரத்தில் மை கலைந்திருந்த நிறுவைச் சீட்டை, தமக்கு எழுத்துத் தெரியாததால், என்னிடம் நீட்டினார். ஒரு கிலோ குறைந்திருந்தது, அதனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். "தராசு பொய் சொல்லுமா தம்பி?" என்று கேட்டார். தராசு சொல்லாது, எழுதுகிற கை சொல்லும் என்று எனக்குத் தெரிந்திருந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை எங்கே வாசித்தாலும் அந்தச் சீட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, யோவான் ஸ்நானனும் அப்படிச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றுதான் சொன்னார். சாக்குக்கும் ஈரத்துக்கும் உரியதைக் கழியுங்கள். அந்த இரண்டு கிலோவுக்கு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர்கள் எழுத்தில் தரத் தயங்குவார்கள் என்பது என் ஊகம். அதற்கு முன் உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். செலவில் பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் நீங்கள் வீரம் காட்டுவது சீஷத்துவம் ஆகாது.

தேவன் உங்கள் வேலையைக் காப்பாற்றுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூவரும், தேவன் தங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன வாயாலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். 1939இல் நியூயோர்க்கில் பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடிய, ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹாஃபர், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். திரும்பியதற்கான தம் காரணங்கள் தமக்கே தெளிவில்லை என்றுதான் அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில், தம்மினிமித்தம் வீட்டை விட்டவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகள் கிடைக்கும் என்கிறார் இயேசு. அவை யாருடைய வீடுகள்? "பயம் போய்விடும்" என்று சொன்னவர்களிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேளுங்கள்: குவாட்டர்ஸ் போனால் எங்கள் நால்வரையும் யார் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள்? என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டில் முன்னறை காலியாகத்தான் கிடக்கிறது. கூரை ஓரிடத்தில் ஒழுகும்.