ஒன்றே முக்கால் லட்சம் வந்தும் கை காலி!

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. பிடித்தம் போக மாதம் 1,75,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன், கார், பள்ளிக் கட்டணம் எல்லாம் போக, 25ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டுதான். 'நானும் கைக்கும் வாய்க்குமாகத்தான் ஓட்டுகிறேன்' என்றால் ஊரில் அண்ணன் சிரிக்கிறார். நான் சொல்வது தப்பா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: அண்ணன் சிரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பணம் அரிசி, வாடகையிலேயே தீர்ந்துவிடும், குறைக்க இடமே இல்லை. உங்களுக்கு அப்படியா?

வீட்டுக் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 80 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 69,400 ரூபாய். அதில் முதல் மாதம் வட்டிக்கே 56,667 போய்விடும், அசலில் கழிவது பதின்மூவாயிரம்கூட இல்லை! அந்தப் பதின்மூவாயிரமும் பி.எஃப். பிடித்தமும் சேமிப்புதான், சரி, ஆனால் நாளைக்கே வேலை போனால் அந்தச் சுவரைப் பெயர்த்து மளிகைக்கடையில் கொடுக்க முடியாது. அப்புறம் கார், பள்ளிக் கட்டணம், அடுக்குமாடிப் பராமரிப்பு, ராத்திரி பத்து மணிக்கு வரும் பிரியாணி. (பிரியாணியை விட்டுவிடலாம், கணக்கைக் கவிழ்ப்பது அது இல்லை.)

அதனால் உங்களை ஏழை என்று சொல்ல மாட்டேன். சொத்து இருக்கிறது, ரொக்கம் இல்லை. எனக்குக் கவலை அந்தக் கார்டுதான். முழுசாகக் கட்டுகிறீர்களா, குறைந்தபட்சத் தொகை மட்டுமா? பல கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி, அதாவது வருடத்துக்கு 40ஐத் தாண்டும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. போனஸ் வந்தால் முதலில் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள், கார் மாற்றுவதெல்லாம் அப்புறம்.