பத்தாவது முடித்ததும் பையனை ஐடிஐ-யில் சேர்க்கலாமா?

மகன் ஒன்பதாவது படிக்கிறான், மார்க் சுமார்தான், ஆனால் மிக்ஸி, மோட்டார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போட்டுவிடுகிறான், பெங்களூரில் ஐடிஐ-யா (தொழிற்பயிற்சி நிலையம்) பியூசி-யா (நம் பிளஸ் டூ மாதிரி) என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறையில், வேலை பார்ப்பவன். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் "கணக்கு வரவில்லை, அதனால் ஐடிஐ" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். எங்களிடம் வரும் பையன்கள் பெரும்பாலும் திணறுவது கணக்கில்தான். லேத்தில் ஒரு டேப்பர் (ஒரு பக்கம் போகப்போகச் சிறுக்கும் உருளை) கடைய வேண்டும், ஒரு முனையில் விட்டம் 40 மி.மீ., மறுமுனையில் 30, நீளம் 50 என்று வையுங்கள். வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது? விட்டங்களின் வித்தியாசத்தை இரண்டு மடங்கு நீளத்தால் வகுத்தால் 0.1. அது எந்தக் கோணத்தின் டேன் (tan) என்று பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான் இது, வேறொன்றுமில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே, டியூஷன் வைப்பதென்றால் இதற்கு வையுங்கள்.

அப்புறம் பொறுமை. பிட்டர் டிரேடில் (உதிரி பாகங்களை ராவிப் பொருத்தும் பிரிவு) ஆரம்பத்தில் மெஷினைத் தொடவே விடமாட்டார்கள். அரத்தைக் கொடுத்து ஒரு இரும்புத் துண்டை ராவச் சொல்வார்கள். இன்ஸ்ட்ரக்டர் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டியதுதான். சலித்துப் போய் நின்றுவிடுகிற பையன்கள் இங்கேதான் நிற்பார்கள். உங்கள் பையன் மிக்ஸியைப் பிரிக்கிறான், சரி. திரும்ப மாட்டுகிறானா?

வெல்டர் ஒரு வருடம். பிட்டர், டர்னர் (லேத்தில் கடைபவர்), எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். அதோடு படிப்பு முடிந்துவிடாது. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் வழி உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், மார்க் கொஞ்சம் தேறினால் ராஜாஜிநகர் ஜிடிடிசி-யை முதலில் பாருங்கள். 1972-ல் டென்மார்க் உதவியோடு தொடங்கிய அரசு டூல் ரூம் அது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் கம்பெனியில் பயிற்சி. பீன்யாவில் என்டிடிஎஃப் இருக்கிறது, அதுவும் நல்ல இடம்தான், தனியார் என்பதால் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

எந்த ஐடிஐ ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் பையனோடு உள்ளே போய்ப் பாருங்கள். லேத்துக்குக் கீழே ட்ரேயில் இரும்புச் சுருள் கிடந்தால் மெஷின் ஓடுகிறது. உறை போட்டு மூடி வைத்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.