எஃப்5 அழுத்தினால் மட்டும் பிழை மறைவது ஏன்?

கேள்வி: 64 பிட் விண்டோஸ் 7 கணினியில், விஷுவல் ஸ்டுடியோ 2010 கொண்டு கடைக்கான பில்லிங் புரோகிராமை சி ஷார்ப்பில் எழுதுகிறேன். எஃப்5 அழுத்தி, பிழை தேட உதவும் டிபக்கரோடு ஓட்டினால் முதல் ஃபார்ம் (சாளரம்) பாதி நிரம்பியபடி, பிழைச் செய்தி ஏதுமின்றித் திறக்கிறது. கன்ட்ரோல் எஃப்5 அழுத்தி, டிபக்கர் இன்றி ஓட்டினால் பிழைச் செய்தி வருகிறது. டிபக்கர் பழுதா? எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவச் சொல்கிறார்கள்.

பதில்: எதையும் அழிக்க வேண்டாம். டிபக்கர் நன்றாகவே இருக்கிறது. பிழையை விழுங்குவது விண்டோஸ். ஃபார்மைத் திரையில் காட்டும்படி உங்கள் புரோகிராம் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலைக் கேட்கிறது. கெர்னல் அந்த வேலையின் நடுவே ஃபார்முக்கு ஒரு செய்தி அனுப்ப, அதன் விளைவாகவே, ஃபார்ம் திறக்கும்போது நடக்கும் லோட் நிகழ்வில் நீங்கள் எழுதிய வரிகள் ஓடுகின்றன. அங்கே எழும் எக்ஸெப்ஷனை, அதாவது ஓடும்போது வரும் பிழையை, நீங்கள் ‘கேட்ச்’ வரிகளால் பிடிக்காவிட்டால், அது வந்த வழியே கெர்னலைத் தாண்டித் திரும்ப வேண்டும். 64 பிட் விண்டோஸில் அதற்கு வழியில்லை. ஆகவே 32 பிட் புரோகிராம்களில் விண்டோஸ் 7 அதைச் சத்தமின்றிக் கைவிட்டு, லோடில் எஞ்சிய வரிகளை ஓட்டாமலே ஃபார்மைக் காட்டிவிடுகிறது. டிபக்கர் இல்லாதபோது, ஃபார்ம்களை இயக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் நூலகம் தானே முந்திக்கொண்டு எக்ஸெப்ஷனைப் பிடிப்பதால்தான் கன்ட்ரோல் எஃப்5-இல் செய்தி தெரிகிறது.

அவுட்புட் சாளரத்தைப் பாருங்கள்; ‘ஃபர்ஸ்ட் சான்ஸ் எக்ஸெப்ஷன்’ என்ற சொற்களோடு ஒரு வரி அங்கே கிடக்கும். பிறகு டிபக் மெனுவில் எக்ஸெப்ஷன்ஸ் பகுதியைத் திறந்து, காமன் லாங்குவேஜ் ரன்டைம் எக்ஸெப்ஷன்ஸ் என்பதற்கு எதிரே ‘த்ரோன்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதன்பின் எக்ஸெப்ஷன் எழுந்த வரியிலேயே டிபக்கர் நின்றுவிடும்.

இந்த ஒரு டிக்குக்குப் பதிலாக கணினியை ஃபார்மட் செய்து கட்டணம் வாங்குபவர்களும், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருளை விற்பவர்களும் ஏராளம். ஃபார்மட் செய்தாலும் அதே விண்டோஸ் 7-தான் மீண்டும் ஏறும், பிழையும் அப்படியே இருக்கும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். லோட் முழுவதையும் காலியான கேட்ச் ஒன்றுக்குள் அடைக்கச் சொல்லும் நண்பரையும் நம்பாதீர்கள். விண்டோஸ் செய்யும் தவற்றை நீங்களும் செய்வதாகிவிடும். மைக்ரோசாஃப்ட் இதற்கென ஹாட்ஃபிக்ஸ் என்னும் திருத்தத்தை வெளியிட்டது உண்மை. ஆனால் அதை நிறுவிய பிறகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை நாமே எழுதினால்தான் அது வேலை செய்யும். தன் குறையைத் திருத்தும் பொறுப்பைக்கூட வாடிக்கையாளர் தலையில் கட்டும் இந்த வழக்கத்தை என்னவென்று சொல்வது!

விஷுவல் ஸ்டுடியோ 2010 புதிய புராஜெக்ட்டை இயல்பாகவே எக்ஸ்86, அதாவது 32 பிட் என்று அமைப்பதால், பிளாட்ஃபார்ம் டார்கெட்டை எனி சிபியு (64 பிட் கணினியில் 64 பிட்டாகவே ஓடும்) என்று மாற்றச் சொல்வார்கள். பிழை வெளிப்படும்தான். ஆனால் கடைக் கணக்கு எம்டிபி வகை ஆக்ஸஸ் கோப்பில் இருந்தால் மாற்றாதீர்கள். அதைத் திறக்கும் ஜெட் 4.0 புரொவைடர் என்னும் இணைப்பு மென்பொருளுக்கு 64 பிட் வடிவமே கிடையாது. அது இக்கணினியில் பதிவாகவில்லை என்ற வேறொரு பிழை வரும். உடனே யாராவது ஒரு டிஎல்எல் கோப்பைக் கொடுத்து, சிஸ்டம்32-இல் போடச் சொல்வார்கள். எந்த டிஎல்எல்லும் இதற்கு உதவாது. அந்நிலையில் எக்ஸ்86-இலேயே இருந்துகொண்டு, லோடில் உள்ள வரிகளை ஷோன் நிகழ்வுக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மைக் காட்டி முடித்த பிறகே அது ஓடுவதால், கெர்னல் குறுக்கே நிற்பதில்லை.