பொன்னா ஏன் போனாள்?

கேள்வி: கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பற்றிப் பேசினோம். "பிள்ளைக்காக எதற்கும் துணிபவள்தான் பெண் என்று எழுதிவிட்டாரே" என்றார் ஒருவர். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது; எழுந்து வந்துவிட்டேன். நாவல் அப்படித்தான் சொல்கிறதா? அடுத்த கூட்டத்துக்குப் போகவா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், பவானி

பதில்: நாவலின் நாயகி பொன்னாவுக்குப் பிள்ளை எதற்காக வேண்டும் என்று கவனித்தீர்களா? கல்யாணமாகி 12 வருஷமாகியும் அவளுக்கும் புருஷன் காளிக்கும் இடையே ஆசை தீரவில்லை. வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. வாசலைத் தாண்டினால்தான் அவள் 'வறடி', அதாவது மலடி. விசேஷ வீட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். சொத்து யாருக்கு என்ற பேச்சு வேறு. திருச்செங்கோட்டு மலை உச்சியில், கால் தவறினால் பாதாளம் என்கிற வறடிக்கல்லைச் சுற்றி வருகிறாளே, அங்கே தாய்ப்பாசத்தை மட்டும் பார்ப்பவர் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார். ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க அவளிடம் கேட்கப்படும் சுங்கம் அந்தப் பிள்ளை.

தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைத்தான் உங்கள் நண்பர் 'துணிந்தாள்' என்கிறார் போல. பிள்ளையில்லாத பெண் அன்றிரவு முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்பது நாவலில் வரும் வழக்கம். காளி சம்மதித்துவிட்டான் என்று சொல்லித்தானே அவளை அனுப்புகிறார்கள்? அவன் சம்மதிக்கவே இல்லை. பொன்னாவின் அண்ணன் முத்து அவனைக் குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். பெண்ணுக்குத் தன் உடம்பில் பாதியைக் கொடுத்த சாமியின் ஊர் அது. அங்கேயே ஒரு பெண்ணிடம் பொய் சொல்லி, அவள் உடம்பைப் பற்றி ஒரு குடும்பமே முடிவெடுக்கிறது. இதைத் தாய்மைக்குப் பாடிய பாட்டு என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆனால் எனக்கும் இந்த நாவலோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. நல்லுப்பையன் சித்தப்பாவை நினைத்துப் பாருங்கள். கல்யாணம், பிள்ளை எதுவும் இல்லாமல் ஊரையே கேலி பண்ணிக்கொண்டு திரிகிற மனுஷன். அவர் வந்தாலே பக்கத்துக்கு ஒரு தெம்பு வந்துவிடும். அப்படி ஒரு சித்தி நாவலில் கிடையாது. தனியாளாக மகனை வளர்த்த காளியின் அம்மா சீராயிகூடப் பேரப்பிள்ளை வேண்டும் என்றுதான் நிற்கிறாள். பிள்ளை வேண்டாம் என்று சிரிக்கிற உரிமை வேட்டி கட்டியவருக்கு மட்டும். அந்தக் காலத்துக் கிராமத்தில் அதற்குமேல் முடியாதோ என்னவோ, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2014இல் இதன் தொடர்ச்சியாக வந்த இரண்டு நாவல்களில் 'ஆலவாய'னைப் படியுங்கள். அதில் காளி இல்லை. பொன்னாவைச் சுற்றி இருந்து தாங்குகிறவர்கள் பெண்கள்.

சரி, கூட்டம். இந்த நாவல் வழக்கில் 2016இல் தீர்ப்புச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றது. வாசகர் வட்டத்துக்கும் அது பொருந்தும். ஆனால் நீங்கள் கோபித்துக்கொண்டது நாவலிடம் இல்லை, அந்தப் பார்வைகளிடம். அதனால் போங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் ஏழு வருஷத்துக்கு அங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், யாராவது குரலைத் தழைத்துக்கொண்டு "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஆரம்பித்தால், நல்லுப்பையன் சித்தப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுங்கள்.