அகமதாபாத்தா, கல்கத்தாவா?

அன்புள்ள ஐயா,

கோவையில் பி.இ. முடித்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த என் மகனுக்கு, அகமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. அந்நியச் செலாவணி, டெரிவேட்டிவ் (நாணயம், பங்கு போன்றவற்றின் விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) வணிகம்தான் தன் துறை என்கிறான். சொந்தபந்தம் அனைவரும் அகமதாபாத் என்கிறார்கள். அவனுக்கோ கல்கத்தா மேல் மனம். செலவுக்குத் தோட்டத்தில் இரண்டு ஏக்கரை விற்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

தோட்டத்தை விற்க வேண்டாம். இவ்விரு நிறுவனங்களின் மாணவர்களுக்கு வங்கிகள் சொத்துப் பிணை இல்லாமலே கல்விக்கடன் தருகின்றன. படிப்பு முடிந்த பிறகு தவணையைத் தொடங்கலாம்.

இரண்டும் 1961-இல் தோன்றியவை. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும், கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் தொடக்கத்தில் துணை நின்றன. அந்தச் சாயல் இன்றும் தெரிகிறது. அகமதாபாத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சில பக்கங்களில் கையில் கொடுத்து, முதலாளியின் இடத்தில் நின்று முடிவெடுக்கச் சொல்கிறார்கள். கல்கத்தா, நிதிக்கும் கணக்குக்கும் பேர்போனது. நிறுவனங்களுக்கு முதல் திரட்டித் தரும் முதலீட்டு வங்கியில் சேர வேண்டும் என்றோ, எந்தத் துறை என்று இன்னும் முடிவாகவில்லை என்றோ உங்கள் மகன் சொல்லியிருந்தால், உங்கள் சொந்தக்காரர்கள் பக்கமே நானும் நின்றிருப்பேன்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்த என் மாமா, 2007-இல் ரூபாயின் மதிப்பு ஏறி வரவு குறைந்தபோது, ஒரு வங்கி அதிகாரி நீட்டிய ஒப்பந்தத்தை வழக்கமான ஃபார்வர்டு (பின்னாளில் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) என்று நம்பிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார். அவருக்கு வர வேண்டியது டாலர். அதில் இருந்ததோ டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்குமான பந்தயம். குறிப்பிட்ட விலையைத் தொட்டுவிட்டால் நட்டத்துக்கு வரம்பே இல்லை என்ற வரியை, அடுத்த ஆண்டு பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த பிறகே படித்தோம். ஊரில் பலருக்கும் அதே கதிதான். அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பே படித்து, அதன் விலையைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் அன்று எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் மகன் கற்க விரும்புவது அதைத்தான். அதற்குக் கல்கத்தாவே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூனில் சேர்ந்தால், தீபாவளியை ஒட்டியே கோடைப் பயிற்சிக்கான நேர்காணல்கள் வந்துவிடும். அதுவரை காத்திராமல், இப்போதே திருப்பூரில் தெரிந்த ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் சில வாரங்கள் உட்காரச் சொல்லுங்கள். ஆர்டர் வந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே டாலர் விலை நகர்வதை அவர் அங்கே நேரில் பார்க்கட்டும்.