பரோயே மொழியில் கிறிஸ்துமஸுக்கு ஏன் கிறிஸ்துவின் பெயர் இல்லை?

ஏனென்றால் அந்தச் சொல் வட ஐரோப்பாவுக்குக் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தையது. வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளின் மக்கள் கிறிஸ்துமஸை 'யோல்' என்கிறார்கள். 'கிளேயிலி யோல்' என்று வாழ்த்துவார்கள். வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் இது நடுக்குளிர்காலத் திருவிழாவின் பெயர். டேனிஷ் 'யூல்', ஆங்கில 'யூல்' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். இவையெல்லாம் ஜெர்மானிய மொழிகள். பின்லாந்தின் பின்னிஷ் அந்தக் குடும்பமே அல்ல, ஆனாலும் 'யோவுலு' என்று கடன் வாங்கிக்கொண்டது.

எவ்வளவு பழையது என்று கேட்டால், 725-இல் எழுதிய பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, தன் இனத்து முன்னோர்கள் டிசம்பர், ஜனவரி இரண்டையுமே 'கியூலி' என்று அழைத்ததாகக் குறிப்பிடுகிறார். அதாவது ஒரு நாளுக்கல்ல, ஒரு பருவத்துக்கே அந்தப் பெயர். பரோயே மொழியில் 'யோல்' இன்றும் பன்மைச் சொல்தான். பல நாள் விழாவின் தடம் அந்த இலக்கணத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் மதம் மாறியது. நார்வே மன்னர் ஹாகோன் 10-ஆம் நூற்றாண்டில் யோல் விழாவைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினார் என்று ஐஸ்லாந்தின் பழங்கதைகளான சாகாக்கள் சொல்கின்றன. விழாவின் பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. டிசம்பரில் 5 மணி நேரம் மட்டுமே பகல் இருக்கும் தீவுகளில், நடுக்குளிர்கால விழாவைக் குறித்த சொல் இன்னும் உயிரோடிருப்பது அழகுதான்.